காட்டு வான்கோழியும் அம்புமுனையும்: அறிகுறியைப் பார்த்துப் பிழையைக் கண்டுபிடிக்கும் வழிமுறை

அமெரிக்கக் காடுகளில் வசந்த காலத்தில் வில்லோடு வான்கோழி வேட்டைக்குப் போகிறவர்களில் பலர், அடித்த பறவை கைக்கு வராமல் போன மறுநாளே கடைக்குப் போய் வேறு அம்புமுனை வாங்கிவிடுகிறார்கள். முனை சில நேரம் காரணமாக இருக்கிறது. பல நேரம் இல்லை. ஆகவே எது சிறந்த முனை என்ற கேள்வியிலிருந்து தொடங்காமல், களத்தில் கண்ணில் படும் அறிகுறியிலிருந்து தொடங்கிக் காரணத்தைத் தேடும் முறையில் இதை எழுதுகிறேன். உங்களுக்கு நேர்ந்தது எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஆனால் அடுத்து வரும் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுவது நல்லது, ஏனென்றால் பின்னால் வரும் தீர்வுகள் அனைத்தும் அதைச் சார்ந்தே இருக்கின்றன.

முதலில் பறவையையும் வில்லையும் பற்றி

வளர்ந்த காட்டு வான்கோழிச் சேவல் பெரும்பாலும் 16 முதல் 24 பவுண்டு வரை, அதாவது ஏறக்குறைய 7 முதல் 11 கிலோ வரை எடை இருக்கும். அதன் உடலை 5,000-க்கும் மேற்பட்ட இறகுகள் மூடியிருக்கின்றன. மயிலைப் பார்த்து ஆடியதாக நாம் கேலி செய்யும் அந்த ஆட்டத்தை அது ஆடும்போது, வாலை விசிறியாக விரித்து, உடலிறகுகளைச் சிலிர்த்து, இறக்கைகளைத் தரையில் உரசவிட்டு, ஒரு பெரிய அண்டா அளவுக்கு உருண்டு நிற்கும். அந்த உருண்டையில் முக்கால்வாசி வெறும் இறகும் காற்றும்தான். அம்பு சேர வேண்டிய இடம், அதாவது இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதி, உரித்த சிறிய தேங்காய் ஒன்றின் அளவே இருக்கும். குறுக்களவில் சுமார் 4 அங்குலம்.

அந்தத் தேங்காய் எங்கே இருக்கிறது என்பதில்தான் மான் வேட்டையில் பழகியவர்கள் தவறுகிறார்கள். மானுக்கு முன்னங்காலை ஒட்டி, உடலின் கீழ்ப்பாதியில் குறிவைப்பது வழக்கம். வான்கோழிக்கோ நுரையீரல் முதுகெலும்பை ஒட்டி மேலே இருக்கிறது. கீழே இருப்பது தடித்த மார்புத் தசை மட்டுமே. பக்கவாட்டில் நிற்கும் பறவையின் காலிலிருந்து கண்ணால் ஒரு கோட்டை மேலே இழுத்து, இறக்கை உடலோடு சேரும் மூட்டின் உயரத்தில் நிறுத்தினால் குறி சரியாக இருக்கும். முதுகைக் காட்டி விசிறியை விரித்து நிற்கும்போது வால் இறகுகள் ஒன்றுசேரும் அடிப்பகுதியும், நேராக நம்மைப் பார்த்து நிற்கும்போது மார்பிலிருந்து மயிர்க்கற்றை போல் தொங்கும் தாடி முளைக்கும் இடத்துக்குச் சற்று மேலேயும் குறியாகும்.

வில்லைப் பற்றி ஒரு கணக்கு மட்டும் தெரிந்தால் போதும். அம்பின் எடையை கிரெயின் என்னும் சிற்றெடை அலகில் எடுத்து, விநாடிக்கு எத்தனை அடி பாய்கிறது என்ற வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி, 450,240-ஆல் வகுத்தால் அம்பின் இயக்க ஆற்றல் அடி-பவுண்டில் கிடைக்கும். 400 கிரெயின் அம்பு 260 அடி வேகத்தில் போனால் ஆற்றல் 60 அடி-பவுண்டு. கப்பிகள் வைத்த நடுத்தரமான காம்பவுண்ட் வில் ஒன்று இதைத் தரும். அதே நேரம் 450 கிரெயின் அம்பை 170 அடி வேகத்தில் விடும், கப்பியில்லாமல் நுனிகள் முன்னோக்கி வளைந்த ரிகர்வ் வில்லின் ஆற்றல் 29 அடி-பவுண்டுதான். இந்த இரண்டு வில்களை வைத்திருப்பவர்களும் ஒரே முனையை வாங்கினால் அவர்களில் ஒருவர் நிச்சயம் தவறான பொருளை வாங்கியிருக்கிறார்.

கடையில் பிராட்ஹெட் என்று கேட்டால் எடுத்துவைக்கும் வேட்டை முனைகளில் மூன்று குடும்பங்கள் உண்டு: பிளேடு அசையாமல் நிற்கும் முனைகள், பறக்கும்போது மடங்கியிருந்து தாக்கும்போது விரியும் மெக்கானிக்கல் முனைகள், கழுத்தையே வெட்டுவதற்காகச் செய்யப்பட்ட மிக அகலமான கழுத்துவெட்டி முனைகள். பெரும்பாலானவை 100 அல்லது 125 கிரெயின் எடையில் வருகின்றன. கிராமில் சொன்னால் ஆறரையும் எட்டும்.

அறிகுறி: அம்பு ஊடுருவிப் போனது, இறகு கொட்டிக் கிடக்கிறது, பறவையைக் காணவில்லை

இதுதான் அதிகம் கேட்கும் புகார், இதைத்தான் அதிகம் பேர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். முனையைக் குற்றம் சொல்வதற்கு முன் தரையில் கிடப்பதை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள்.

நீளமாக, கறுப்பும் வெள்ளையும் மாறி மாறிப் பட்டை போட்ட இறகு கிடந்தால் அது இறக்கையின் இறகு. அகலமாக, நுனியில் செம்பழுப்புக் கரை போட்டது கிழக்கத்திய வகை வான்கோழியின் வால் இறகு. மேற்கு மலைகளில் வாழும் மெரியம் வகையாக இருந்தால் அந்தக் கரை வெளுப்பாக இருக்கும். வால் இறகு மட்டும் இரண்டு மூன்று வெட்டுப்பட்டுக் கிடந்து, அம்பில் ஈரமே இல்லையென்றால், நீங்கள் அடித்தது விசிறியை. பறவைக்கு ஒன்றும் ஆகவில்லை. நுனி கறுத்து, செப்பு நிறத்தில் மின்னும் குட்டை இறகுகள் ஒரு கைப்பிடி கிடந்தால் அது சேவலின் மார்பு. அம்பு தாழப் போயிருக்கிறது.

பிறகு அம்பைப் பாருங்கள். வெளிர்சிவப்பாக, சிறு நுரைக்குமிழோடு ரத்தம் ஒட்டியிருந்தால் நுரையீரல். பறவை அருகிலேயே கிடக்கும். பச்சையாகவோ பழுப்பாகவோ நாற்றத்தோடு ஒட்டியிருந்தால் குடல். ஒருமுறை என் அம்பின் தண்டை விரலால் வழித்தபோது மணல் போல நறநறத்தது. அது பறவை தீனியை அரைப்பதற்காக விழுங்கி இரைப்பையில் வைத்திருக்கும் பொடிக்கல் என்று புரிய எனக்குச் சிறிது நேரம் ஆயிற்று. அந்தப் பறவை அன்று அடர்ந்த புதருக்குள் போய் ஒடுங்கிக் கிடந்தது. குடலிலோ இரைப்பையிலோ பட்ட பறவையை உடனே துரத்தினால் அது எழுந்து பறந்துவிடும். பல மணி நேரம் பொறுத்து, கடைசியாகப் பார்த்த திசையில் அடர்ந்த மறைவுகளை ஒவ்வொன்றாகத் தேடுவதுதான் வழி. மானைப் போல ரத்தத் தடத்தை நம்ப முடியாது; கசியும் ரத்தத்தை இறகுகளே குடித்துவிடுகின்றன. பறந்துபோன பறவைக்குத் தடம் என்ற ஒன்றே கிடையாது.

தடயத்தைப் படித்த பிறகு, அம்பு சரியான உயரத்தில்தான் போயிருக்கிறது, ஆனால் ஓரிரு அங்குலம் முன்னாலோ பின்னாலோ விலகியிருக்கிறது என்று தெரிந்தால், அப்போது முனையின் அகலம் உண்மையிலேயே ஒரு கேள்வி ஆகிறது. ஒன்றேகால் அங்குலம் வெட்டும் நிலையான முனை, 4 அங்குலக் குறியின் ஓரத்தில் பட்டால் உயிர்நிலையைத் தொடாமல் போகலாம். 2 அங்குலம் வெட்டும் மெக்கானிக்கல் முனை அதே இடத்தில் நுரையீரலின் ஓரத்தைக் கிழித்துவிடும். 50 அடி-பவுண்டுக்கு மேல் ஆற்றல் தரும் வில் உள்ளவருக்கு வான்கோழிக்கென நான் பரிந்துரைப்பது 2 அங்குலத்துக்குக் குறையாத மெக்கானிக்கல் முனைதான். பறவையின் உடல் மெல்லியது. மானுக்கு வேண்டிய ஊடுருவல் இங்கே தேவையில்லை, அந்த மிச்ச ஆற்றலை அகலத்துக்குச் செலவிடலாம்.

அம்பு ஊடுருவி வெளியேற வேண்டுமா, உடலுக்குள்ளேயே தங்க வேண்டுமா என்பது தீராத வழக்கு. உள்ளே தங்கிய அம்பு பறவையைப் பறக்கவிடாது, முழு ஆற்றலும் உடலுக்குள் இறங்குகிறது என்பது ஒரு கட்சி. இரண்டு துளை இருந்தால் விரைவில் சாகும் என்பது மறு கட்சி. நுனி மொட்டையாகச் செய்யப்பட்ட சில வான்கோழி முனைகள் முதல் கட்சிக்காகவே சந்தைக்கு வந்தவை. எனக்கு இதில் பெரிய பிடிவாதம் இல்லை. ஏனென்றால் பறவையை நிறுத்துவது துளையின் எண்ணிக்கையைவிட எலும்புதான். வான்கோழி தரையிலிருந்து எழும்பக் கால்களால் உந்த வேண்டும். தொடை எலும்போ இடுப்போ இறக்கை மூட்டோ முறிந்தால் அது தூரம் போகாது. காலிலிருந்து மேலே இழுத்த கோட்டில் குறிவைக்கச் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம்: சற்றுத் தாழ்ந்தாலும் தொடை இருக்கிறது, சற்று உயர்ந்தாலும் முதுகெலும்பு இருக்கிறது.

தடயம் மார்பையோ விசிறியையோ காட்டினால் முனையை மாற்ற வேண்டாம். பறவை ஆட்டத்தை நிறுத்தி, இறகுகளைப் படியவிட்டு, தலையை நிமிர்த்தும் வரை காத்திருந்து அம்பை விடப் பழகுங்கள்.

அறிகுறி: பயிற்சி முனை நடுவில் படுகிறது, வேட்டை முனை அரையடி தள்ளிப் படுகிறது

இது அநேகமாக நிலையான பிளேடு முனை வைத்திருப்பவர்களின் தொல்லை. முன்னால் இருக்கும் பிளேடுகளும் காற்றைப் பிடிக்கின்றன. அம்பு வில்லை விட்டுக் கோணலாகக் கிளம்பினால், அம்பின் வாலில் ஒட்டியிருக்கும் பின்னிறகு அதை நேராக்கும் முன்பே முன்பிளேடு தன் போக்கில் திருப்பிவிடுகிறது. கூர்மழுங்கிய பயிற்சி முனையில் பிளேடு இல்லாததால் அந்தக் கோணல் வெளியே தெரியாமல் இருந்தது. அதாவது வேட்டை முனை புதிதாக ஒரு பிழையை உண்டாக்கவில்லை. இருந்த பிழையைக் காட்டிக்கொடுக்கிறது.

முதல் சோதனைக்கு இரண்டு நிமிடம் போதும். முனையை மாட்டிய அம்பை ஒரு கண்ணாடிமேல் முனை கீழாக நிறுத்தி, மேல் நுனியை விரல்களுக்கிடையே பிடித்துச் சுழற்றுங்கள். பம்பரம் சீராகத் தூங்குவதுபோல் நின்றால் சரி. முனையும் தண்டும் சேரும் இடம் நடுங்கினால், அதே முனையைக் கழற்றி வேறொரு அம்பில் மாட்டிச் சுழற்றிப் பாருங்கள். அங்கே நடுக்கம் இல்லையென்றால் குறை முதல் அம்பில்தான்: முனையைத் திருகி மாட்டுவதற்காகத் தண்டின் உள்ளே ஒட்டியிருக்கும் இன்செர்ட் கோணலாக இருக்கலாம், அல்லது தண்டின் வெட்டுமுகம் சதுரமாக இல்லாமல் இருக்கலாம். வெட்டுமுகத்தைத் தேய்த்துச் சமப்படுத்தும் சிறு கருவி வில் கடைகளில் கிடைக்கும்; அது வாங்கும் செலவு ஒரு முனைப் பெட்டியின் விலையைவிடப் பெரிதாக இருக்காது.

சுழற்சி சரியாக இருந்தும் முனை விலகினால் அம்பு தாங்கும் ரெஸ்டை நகர்த்த வேண்டும். விதி எளியது: வேட்டை முனை பட்ட இடத்திலிருந்து பயிற்சி முனை பட்ட இடத்தை நோக்கி எந்தத் திசையோ, அந்தத் திசையில் ரெஸ்டை நகர்த்துங்கள். வேட்டை முனை இடப்பக்கம் படுகிறதென்றால் ரெஸ்ட் வலப்பக்கம் போக வேண்டும். தாழப் படுகிறதென்றால் ரெஸ்ட் உயர வேண்டும். ஒரு தடவைக்கு அங்குலத்தில் 32-இல் ஒரு பங்கு, அதாவது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக நகர்த்தி, மூன்று அம்பு விட்டுப் பார்த்துவிட்டுத்தான் மறுபடி கை வைக்க வேண்டும். வில்லில் குறிபார்க்க வைத்திருக்கும் ஊசியான பின்னை இந்த வேலை முடியும்வரை தொடவே கூடாது. பின்னை நகர்த்தி வேட்டை முனையை மையத்துக்குக் கொண்டுவந்துவிட்டு, வில் சரியாகிவிட்டது என்று நம்புகிறவர்கள் உண்டு. தூரம் மாறியவுடன் அந்த நம்பிக்கை உடைந்துவிடும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சென்ற பருவத்தில் 100 கிரெயின் முனை வைத்திருந்து இப்போது 125-க்கு மாறியிருந்தால், முன்பக்க எடை கூடியதால் அம்பின் தண்டு எய்யும்போது அதிகமாக வளைகிறது. கடினத்தன்மை விளிம்பில் இருந்த தண்டு இந்த 25 கிரெயினால் அளவுக்கு மீறி வளையும் தண்டாகிவிடும். வலக்கை வில்லாளிக்கு அம்பு வலப்பக்கம் விலகுவது அதன் வழக்கமான அடையாளம். அந்த நிலையில் ரெஸ்டோடு போராடாமல் 100-க்குத் திரும்புவதோ கடினமான தண்டுக்கு மாறுவதோ நல்லது.

இத்தனையும் செய்ய நேரமில்லை, பருவம் நாளைக்குத் தொடங்குகிறது என்றால் மெக்கானிக்கல் முனை ஒரு நேர்மையான குறுக்குவழி. பிளேடு மடங்கியிருப்பதால் அது பயிற்சி முனையைப் போலவே பறக்கும். வான்கோழியை அநேகமாக 10 முதல் 20 கெஜத்துக்குள் அடிக்கிறோம் என்பதால் மிச்சமிருக்கும் சிறு கோணல் பெரிய தீங்கு செய்யாது.

அறிகுறி: மெக்கானிக்கல் முனை விரியவில்லை, அல்லது சேரும் முன்பே விரிந்துவிட்டது

பறவையின் மேல் சிறு துளை, அம்பில் மடங்கியே இருக்கும் பிளேடு: இதுதான் விரியாததன் அடையாளம். பிளேடுகள் முன்னிருந்து பின்னோக்கி மடிந்து திறக்கும் வகையில், சாய்ந்த கோணத்தில் மூடிய இறக்கையின்மேல் பட்டால் ஒரு பிளேடு மட்டும் இறகின் வழுவழுப்பில் வழுக்கி, அம்பையே திசை திருப்பிவிடுவது உண்டு. பிளேடுகள் பின்னால் தள்ளப்பட்டு விரியும் வகை இந்தத் தொல்லைக்குக் குறைவாகவே ஆளாகிறது. வான்கோழிக்கு அதையே வாங்கச் சொல்வேன்.

பிளேடுகளைப் பிடித்து வைத்திருக்கும் பிளாஸ்டிக் வளையமோ ரப்பர் வளையமோதான் இதில் மிக மலிவான பாகம், அதனாலேயே யாரும் அதைக் கவனிப்பதில்லை. ஒருமுறை எய்த முனையின் வளையம் ஒருமுறைக்கு மட்டுமே உரியது என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்ற ஆண்டு அம்புக்கூட்டில் கிடந்த ரப்பர் வளையத்தை நகத்தால் இழுத்துப் பாருங்கள். மயிரிழை போன்ற வெடிப்புகள் தெரிந்தால் அது எய்த அதிர்ச்சியிலேயே அறுந்து, பிளேடு வழியிலேயே விரிந்துகொள்ளும். அம்பு வழக்கத்துக்கு மாறாகச் சீறும் ஒலியோடு போய், எப்போதும் படும் இடத்தை விட்டு வெகுதூரம் விலகினால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

விரிகிறதா என்று வீட்டிலேயே சோதிக்க, பயிற்சி இலக்குக்கு முன்னால் ஓர் அட்டைப்பெட்டியை நிறுத்தி, நீங்கள் உண்மையில் அடிக்கும் தூரத்திலிருந்து எய்து, பெட்டியின் பின்சுவரில் விழும் கீறலை அளவுகோலால் அளந்து பாருங்கள். உறையில் 2 அங்குலம் என்று எழுதியிருந்தால் 2 அங்குலம் இருக்க வேண்டும். அட்டையில் தேறிவிட்டது என்பதால் இறகிலும் தேறும் என்று முழுதாக நம்பிவிடவும் கூடாது. அட்டை விறைப்பானது, இறகு வழுக்கும். ஆனால் அட்டையிலேயே தோற்ற முனையைக் காட்டுக்கு எடுத்துப்போக எந்த நியாயமும் இல்லை.

மறைவுக் கூடாரத்திலிருந்து எய்கிறவர்களுக்கு இன்னொரு காரணம் இருக்கிறது. ஜன்னலில் கட்டியிருக்கும் மெல்லிய வலையினூடாகவே எய்யலாம் என்று சொல்லி விற்கிறார்கள். அது நிலையான பிளேடு முனைக்கு மட்டும் பொருந்தும். மெக்கானிக்கல் முனை அந்த வலையிலேயே தடுக்கி, வலைக்கும் பறவைக்கும் நடுவே விரிந்துவிடும். வலையை அவிழ்த்துவிட்டு, கறுப்பு உடை உடுத்திக் கூடாரத்தின் பின்சுவரை ஒட்டி இருட்டில் உட்காருங்கள். வான்கோழியின் மோப்பம் பொருட்படுத்தத்தக்கதல்ல. அதன் கண்தான் நம் எதிரி.

இவற்றோடு சட்டத்தையும் பார்க்க வேண்டும். சில மாநிலங்கள் முனையின் வெட்டு அகலம் அங்குலத்தில் எட்டில் ஏழு பங்குக்குக் குறையக் கூடாது என்கின்றன. சில மாநிலங்கள் பின்னோக்கிக் கொக்கி போல் வளைந்த பிளேடுகளைத் தடை செய்கின்றன. மெக்கானிக்கல் முனைகளுக்கும் இடத்துக்கு இடம் விதி மாறுகிறது. உரிமம் வாங்கும்போதே அந்த ஆண்டின் விதிப்புத்தகத்தைப் படித்துவிட்டு முனை வாங்குவதே வரிசை. முனையின் விலையைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறவர்களுக்கு ஒரு செய்தி: அமெரிக்காவில் அம்புமுனைக்கு 11 சதவீத உற்பத்தி வரி இருக்கிறது. 1937-இல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டத்தின்கீழ் துப்பாக்கிகளுக்கு விதித்த வரி 1972-இல் வில்வேட்டைப் பொருள்களுக்கும் விரிந்தது. அந்தப் பணம் மாநிலங்களின் வனவிலங்குப் பணிகளுக்குப் போகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல மாநிலங்களில் அற்றுப்போயிருந்த இந்தப் பறவை திரும்ப வந்ததில் அந்த வரிக்கும் பங்கு உண்டு.

அறிகுறி: அம்பு உள்ளே இறங்காமல் தொங்குகிறது

இழுவிசை 45 பவுண்டுக்குக் குறைந்த வில், மரபு வில், இளையவர்களின் வில் ஆகியவற்றில் இது நேர்கிறது. மெக்கானிக்கல் முனையை விரிக்கவே அம்பின் ஆற்றலில் ஒரு பகுதி செலவாகிறது. அகலமான பிளேடு தசையைக் கிழிக்க இன்னும் செலவாகிறது. மேலே கணக்கிட்ட 29 அடி-பவுண்டு அம்புக்கு இந்த இரண்டு செலவும் கட்டுப்படியாகாது. இவர்களுக்கு உரியது நுனியிலிருந்தே வெட்டத் தொடங்கும் இரண்டு பிளேடு நிலை முனை. அகலம் ஒன்றரை அங்குலத்துக்குள் இருக்கட்டும். முன்பத்திகளில் அகலத்தைப் புகழ்ந்த நானேதான் இதையும் சொல்கிறேன்: ஆற்றல் இல்லாத இடத்தில் அகலம் ஒரு சுமை.

நல்ல வில்லிலும் இப்படி நேர்ந்தால் கூர்மையைச் சோதியுங்கள். ஒரு ரப்பர் வளையத்தை விரல்களில் இழுத்துப் பிடித்து, பிளேடை அதன்மேல் லேசாக வைத்து நகர்த்தினால், தொட்டதும் அறுந்துவிட வேண்டும். அழுத்த வேண்டியிருந்தால் அந்த முனை வேட்டைக்குத் தயாராக இல்லை. பயிற்சி இலக்கில் எய்த முனையைத் துடைத்து அப்படியே கூட்டில் செருகும் பழக்கம்தான் இதற்குப் பெரும்பாலும் காரணம். பயிற்சிக்கென்று ஒரு முனையை ஒதுக்கி, அதன்மேல் மையால் ஒரு குறி போட்டுவிடுங்கள்.

அறிகுறி: கழுத்துவெட்டி முனை கண்டபடி பறக்கிறது

மேக்னஸ் புல்ஹெட் போன்ற முனைகள் தலையையோ கழுத்தையோ வெட்டுவதற்கென்றே செய்யப்பட்டவை. புல்ஹெட்டின் 100 கிரெயின் வடிவம் இரண்டே முக்கால் அங்குலமும், 125 கிரெயின் வடிவம் மூன்றே முக்கால் அங்குலமும் வெட்டுகிறது. பட்டால் பறவை நின்ற இடத்திலேயே விழும், படாவிட்டால் காயமின்றிப் போகும் என்பதே இவற்றின் கவர்ச்சி. கவர்ச்சி உண்மைதான், ஆனால் இத்தனை பெரிய இரும்புச் சிறகை அம்பின் முன்னால் மாட்டிவிட்டு, பழைய அம்பு பழையபடியே பறக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

சாதாரண அம்பில் இதை மாட்டியிருந்தால் அம்பு சுழன்று விலகுவதற்கு வேறு காரணம் தேட வேண்டாம். இதற்கென்று தனி அம்பு வேண்டும்: பிளேடுகள் வில்லின் கைப்பிடிக்கு வெளியே நிற்கும் அளவுக்கு வெட்டாத முழு நீளத் தண்டு, பின்னால் 4 அல்லது 5 அங்குல நீளமுள்ள உண்மையான பறவை இறகுகள், அவையும் தண்டைச் சுற்றித் திருகலாக ஒட்டப்பட்டவை. குறுகிய பிளாஸ்டிக் பின்னிறகு இந்த முனையை அடக்காது. நாணை இழுக்கும்போது பிளேடு வில்லிலோ விரலிலோ உரசுகிறதா என்பதை முனையை உறையோடு வைத்து முதலில் பார்த்துவிடுங்கள். இந்தச் சோதனையைத் தவிர்த்தால் இழப்பது பறவையாக இருக்காது.

அம்பைச் சரிசெய்த பிறகும் தூரத்தைக் கூட்டக் கூடாது. 10 கெஜம் நல்லது, 15 எல்லை. தீனி பொறுக்கும் பறவையின் கழுத்து ஒரு கணமும் நிற்காது. ஈர்ப்பதற்காக நாம் நிறுத்திய போலிப் பறவையைப் பார்த்துத் தலையை உயர்த்தி அசையாமல் நிற்கும் அந்த ஓரிரு நொடிதான் வாய்ப்பு. குறி தலையில் இல்லை, கழுத்தின் நடுவில். மேலே கீழே பிசகினாலும் வெட்டு கழுத்துக்குள்ளேயே விழும். கூடாரத்தின் ஜன்னல் குறுகலாக இருந்தால் பிளேடு துணியில் மாட்டும்; என் நண்பர் ஒருவர் இந்த முனையால் இதுவரை வெட்டியிருப்பது தன் கூடாரத்தின் ஜன்னல் ஓரத்தை மட்டும்தான்.

அறிகுறி: அம்பு சேரும் முன்பே பறவை நகர்ந்துவிடுகிறது

நடுவில் துளை வைத்த பிளேடுகள் பறக்கும்போது விசில் அடிப்பது உண்டு. நண்பர் ஒருவரை மரத்துக்குப் பின்னால் பாதுகாப்பாக நிற்கவைத்து, இலக்கின் பக்கத்திலிருந்து கேட்கச் சொல்லுங்கள். எய்கிறவருக்குக் கேட்காத ஒலி அங்கே கேட்கும். ஆனால் 15 கெஜத்தில் முனையின் ஒலியைவிட வில்லின் ஒலியும், அதைவிட நாணை இழுக்கும் அசைவும்தான் பறவையைக் கிளப்புகின்றன. பறவை மரத்துக்குப் பின்னால் போகும்போதோ, தன் விசிறியே தன் கண்ணை மறைக்கும்படி திரும்பும்போதோ இழுங்கள்.

அறிகுறி: பறவை கிடைத்தது, மார்பு இறைச்சி பாழாகிவிட்டது

நேர் எதிரே நின்ற பறவையை அகன்ற மெக்கானிக்கல் முனையால் அடித்ததன் விலை இது. இறைச்சி முக்கியம் என்றால் பக்கவாட்டுக்காகக் காத்திருங்கள். குடல் கிழிந்திருந்தால் வீடு வரும்வரை வைத்திருக்காமல் அங்கேயே சுத்தம் செய்துவிடுங்கள்.

அறிகுறி: அம்பின் பின்பாதி மட்டும் கிடைத்தது, முனையைக் காணவில்லை

விழுந்த பறவை புரண்டு அடித்துக்கொள்ளும்போது தண்டு முறிவது சாதாரணம். முனை பறவைக்குள் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு நடக்க வேண்டும். துடிக்கும் பறவையை ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்காதீர்கள். உடலுக்குள்ளிருந்து வெளியே நீட்டியிருக்கும் பிளேடு ஒருபுறம், முதிர்ந்த சேவலின் காலில் ஓர் அங்குலத்துக்கும் மேல் வளர்ந்திருக்கும் முள் மறுபுறம். துடிப்பு அடங்கிய பின் காலைப் பிடித்துத் தூக்கி, வேட்டைப் பையில் போடுவதற்கு முன் அம்பு நுழைந்த இடத்தையும் எதிர்ப்பக்கத்தையும் குச்சியால் விலக்கிப் பாருங்கள். அங்கே தெரியாவிட்டால், இறகு பறிக்கும்போது தடித்த கையுறை போட்டுக்கொண்டு, நுழைந்த துளையிலிருந்து அம்பின் போக்கிலேயே சிறிது சிறிதாகத் தோலைத் திறந்து போங்கள். கிடைத்த முனையின் பிளேடுகளை எண்ணுங்கள். மூன்று பிளேடு முனையில் இரண்டுதான் இருந்தால், மூன்றாவது கிடைக்கும்வரை அந்த இறைச்சி சட்டிக்குப் போகக் கூடாது.